தெருப் பெயரைச் சொல்லாத பன்னிரண்டு வாரங்கள்

1

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம் நடந்தது. சாதித்ததைச் சொல்லி ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்கிற கூட்டம் அல்ல. தங்களிடம் வந்து குணமாகாமல் போன ஒருவரைப் பற்றி ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஏன் குணமாகவில்லை என்று தோன்றுகிறதோ அதையும் சொல்ல வேண்டும். டீயும் பிஸ்கட்டும் உண்டு.

நான் வேலை செய்வது மனநல ஆஸ்பத்திரியில். இங்கிலாந்தின் வடக்கே, வருஷத்தில் பாதி நாள் தூறிக்கொண்டிருக்கும் ஓர் ஊர். வந்து ஐந்து வருஷம் முடிந்துவிட்டது. எனக்கென்று ஓர் அறை, அதில் ஒரு ஹீட்டர், ஜன்னலுக்கு வெளியே யாரும் பறிக்காத ஆப்பிள் மரம் ஒன்று. குறை என்று சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

இங்கே பேசியே குணப்படுத்துகிற பிரிவு ஒன்று இருக்கிறது. மாத்திரை இல்லை, ஊசி இல்லை. இரண்டு நாற்காலி, வாரம் ஒரு முறை, ஐம்பது நிமிஷம். நோயாளி பேசுவார், டாக்டர் கேட்பார். "வெறும் பேச்சா?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் அந்த அறைக்குள் தலை குனிந்து போனவர்கள் ஆறு மாதம் கழித்து நிமிர்ந்து வெளியே வந்ததை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். வராமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கூட்டத்தில் டாக்டர்கள் பல காரணங்கள் சொன்னார்கள். அவர் ரொம்பத் தாமதமாக வந்தார், வீட்டில் ஒத்துழைப்பு இல்லை, எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனதால் கடினமான கேள்வியைக் கேட்கவில்லை, இப்படி. பிறகு பழைய நோயாளிகள் இரண்டு பேர் பேசினார்கள். ஒருவர் பஸ் டிரைவர். "என் டாக்டர் அவ்வளவு பாடுபட்டார். அவர் மனம் நோகக் கூடாதே என்று குணமாகிவிட்டதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. இன்னொருவர் ஒரு டீச்சரம்மா. "அவர் எழுதிக்கொண்டே இருந்தார். எதைச் சொன்னால் பேனா நகர்கிறது என்று பார்த்து அதையே சொன்னேன்" என்றார்.

கடைசியில் டாக்டர் ஹெலன் எழுந்தார். "எனக்கும் ஒரு தோல்வி உண்டு. அதில் பாதி மிஸ் மாணிக்கத்துடையது" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் பத்து நிமிஷம் இங்கிலீஷில் சொன்னேன். சொல்லி முடித்ததும் பாதிதான் சொன்ன மாதிரி இருந்தது. மீதிப் பாதி தமிழ் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். அதனால் இதை எழுதுகிறேன்.

2

மிஸ் மாணிக்கம் நான்தான். மாணிக்கம் என் அப்பா பெயர்.

முதன்முதலில் இங்கே வந்து இறங்கியபோது பாரத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை என்றேன். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்காது என்றார்கள். அப்பா பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து பெரிய டாக்டர்கள்கூட "மிஸ் மாணிக்கம், ஒரு நிமிஷம் வர முடியுமா?" என்றுதான் கேட்கிறார்கள். விக்கிரமங்கலத்தில் எங்கப்பாவை "டேய்" என்று கூப்பிட்டவர்கள் உண்டு. என்னைவிடச் சின்னப் பையன்கள் கூப்பிட்டதைக் கேட்டிருக்கிறேன். இதை எழுதி அனுப்பியபோது அப்பா தம்பியை விட்டு இரண்டு முறை படிக்கச் சொன்னாராம். "எம் பேரு அவங்க வாயில எப்படி வருதுன்னு கேளு" என்று பதில் வந்தது. மேனிக்கம் என்று வருகிறது. அதை நான் அவருக்கு எழுதவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அரியலூரில் விடுதியில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி., திருச்சியில் நர்ஸ் படிப்பு, பிறகு விமானம். இந்தப் பெருமை என்னிடம் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. அது எங்கே இடறியது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

3

தனக்கொடி என்று வைத்துக்கொள்வோம். அது அவர் பெயர் இல்லை. "எழுதறதுன்னா எழுது, எம் பேரைப் போடாத. தனக்கொடின்னு போடு, கூடப் படிச்ச புள்ள, அவளுக்கு ஒண்ணும் ஆவாது" என்று அவரே கொடுத்த பெயர். ஊர்களில் ஒன்றையும் மாற்றியிருக்கிறேன்.

வயது இருபத்தெட்டு. பெரம்பலூரிலிருந்து குன்னம் போகிற வழியில் ஒரு கிராமம். கணவர் இங்கே ரொட்டிக் கம்பெனியில் ராத்திரி வேலை. மூத்த மகள் வளர்மதி ஊரில் மாமியாரிடம் வளர்கிறாள். இங்கே பிறந்தது இரண்டாவது பெண். பிறந்து நான்கு மாதமாகியும் தனக்கொடி குழந்தையைத் தானாகத் தூக்கவில்லை. பால் கொடுப்பதில்லை, பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கணவர் வேலை முடிந்து வந்து புட்டிப்பால் கொடுத்துவிட்டுத் தூங்குவார். எடை ஏறவில்லை என்று வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் எழுதி அனுப்பிவிட்டாள்.

இந்த ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. பன்னிரண்டு வாரம் பேச்சு வைத்தியம், அதற்குள் முன்னேற்றம் தெரியாவிட்டால் தாயை ஆஸ்பத்திரியில் சேர்ப்பது, குழந்தையை வேறொரு குடும்பத்தில் வளர்க்க விடுவது என்று அதிகாரிகள் முடிவு செய்தார்கள். கடிதத்தில் மிகவும் மரியாதையான வார்த்தைகள்தான் இருந்தன.

தனக்கொடிக்கு இங்கிலீஷ் வராது. ஹெலனுக்குத் தமிழ் வராது. ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்தது எனக்கு மட்டும். என்னை நடுவில் உட்கார வைத்தார்கள்.

4

முதல் நாள், ஹெலன் அறைக்கு வெளியே நானும் தனக்கொடியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"நீங்க தமிழுங்களா?"

"ஆமாங்க."

"எந்தப் பக்கம்?"

"அரியலூர் பக்கம். விக்கிரமங்கலம்."

அவர் முகத்தில் ஏதோ ஓடியது. சந்தோஷம் என்று நினைத்தேன். "நம்ம ஜில்லாதானா! நான் பெரம்பலூருங்க" என்றார். கொஞ்ச நேரம் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார். "விக்கிரமங்கலத்துல எந்தத் தெருங்க?"

இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்கள். அரியலூர் பஸ்ஸில் ஓர் அம்மாள் பக்கத்தில் இடம் கொடுத்து, கையிலிருந்த கடலையிலும் பாதி கொடுத்து, இதைக் கேட்டார். நான் சொன்னதும் தன் கூடையை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். அப்போது எனக்குப் பதினான்கு வயது. இத்தனை கடல் தாண்டி வந்தும் அதே கேள்வியா என்று எனக்குக் கொதித்தது.

"அதெல்லாம் இங்க எதுக்குங்க? நான் இங்க நர்ஸ். நீங்க சொல்றத டாக்டர்கிட்ட சொல்றதுதான் என் வேலை."

"தப்பா கேட்டுட்டேன்" என்று தனக்கொடி வாயை மூடிக்கொண்டார். அடுத்த பன்னிரண்டு வாரம் அதைத் திறக்கவில்லை என்றே சொல்லலாம்.

5

பேசவே இல்லை என்று இல்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று ஹெலன் கேட்பார். "நல்லாயிருக்கேன்" என்பார் தனக்கொடி. கேட்டவரிடம் வேறென்ன சொல்வது? முன்னேற்றம் என்று ஹெலன் எழுதிக்கொள்வார். மூன்றாவது வாரம் தனக்கொடி ஒரு டப்பாவில் முறுக்கு கொண்டுவந்தார். நோயாளியிடம் எதுவும் வாங்கக் கூடாது என்பது இங்கே விதி. ஹெலன் அழகாகச் சிரித்து, நன்றி சொல்லி, டப்பாவை அப்படியே திருப்பிக் கொடுத்தார். தனக்கொடி என்னைப் பார்த்தார். "கை பட்டது வேணாமாமா?"

இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

மொழிபெயர்க்காமல் விட்டது அது மட்டுமல்ல. "இந்தம்மாவ என்ன செய்யணும்னு கேட்டா, நீ என்ன நெனைக்கிறன்னு திருப்பிக் கேக்குது. எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் மூணு பஸ் மாறி இங்க வரேன்?" என்றார் ஒரு நாள். நான் இங்கிலீஷில், "உங்கள் ஆலோசனையை எதிர்பார்க்கிறார்" என்றேன். "பொழுது விடிஞ்சா ஏன்டா விடிஞ்சதுன்னு இருக்கு" என்றார் இன்னொரு நாள். "காலையில் களைப்பாக இருக்கிறதாம்" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. வெள்ளைக்கார டாக்டர் முன்னால் நம் ஊர்ப் பெண் ஒருத்தி அப்படிப் பேசுவது எனக்குக் கூச்சமாக இருந்தது. நானும் அதே மண் என்று ஹெலனுக்குத் தெரியுமே. அதனால் தனக்கொடி சொன்னதையெல்லாம் துவைத்துப் பெட்டி போட்டுக் கொடுத்தேன். கஞ்சி போட்ட அந்தத் துணியை வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த உடம்புக்கு என்ன நோய் என்று ஹெலன் தேடிக்கொண்டிருந்தார்.

பத்தாவது வாரம் ஹெலன் என்னிடம், "அவர் எதையோ தடுத்து வைத்திருக்கிறார். இன்னும் தயாராகவில்லை" என்றார். நானும் தலையாட்டினேன். தடுத்தது யார் என்று இருவருக்கும் தெரியவில்லை.

பன்னிரண்டாவது வாரம் தனக்கொடி வரவே இல்லை.

6

அடுத்த வியாழக்கிழமை குழந்தையைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டம். அந்தக் கடிதத்தைக் கையில் கொடுத்து விளக்கிவிட்டு வரச் சொல்லி ஹெலன் என்னை வீட்டுக்கு அனுப்பினார்.

மத்தியானம் மூன்று மணி. கணவர் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். முன்னறையில் தொட்டிலில் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. தனக்கொடி அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். "எங்கூருல சின்ன வெங்காயம் மூட்ட மூட்டையாக் கெடக்கும். இங்க பாருங்க, பூசணிக்கா மாதிரி ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கத்தியை என் பக்கம் தள்ளினார். இருவரும் சுவரைப் பார்த்து, பக்கத்தில் பக்கத்தில் நின்று அரிந்தோம்.

எனக்கு அப்போது எங்கம்மா களை எடுக்கிற வயல் நினைவுக்கு வந்தது. பெண்கள் வரிசையாகக் குனிந்து போவார்கள். யார் முகத்தையும் யாரும் பார்ப்பதில்லை. புருஷன் அடித்தது, கரு கலைந்தது, கொழுந்தன் கை நீட்டியது எல்லாம் அங்கேதான் பேச்சில் வரும். கரையேறியதும் ஒருத்திகூட அதைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, "சொல்லுங்கள்" என்றால் எங்கம்மாவும் நல்லாயிருக்கேன் என்றுதான் சொல்லியிருப்பார்.

கடிதத்தைப் படித்துச் சொன்னேன். கத்தி நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

"புள்ளையக் கொண்டு போயிடுவாங்களா?"

"முடிவு பண்ணலீங்க. ஆனா போகலாம்."

"கடைசியா கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. விக்கிரமங்கலத்துல எந்தத் தெரு?"

எனக்கு வந்த கோபத்தில் கத்தியைப் பலகையில் போட்டேன். பிள்ளையே கையைவிட்டுப் போகிற நேரத்தில் இதுதான் கவலையா?

"காலனித் தெரு. எங்கப்பா பண்ணையில ஏரு ஓட்டுனவரு. எங்கம்மா நடவாளு. போதுங்களா?"

தனக்கொடி திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்த மூன்று மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

"காலனியா? அட ஆண்டவனே! இத மொத நாளே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா நீ?"

"ஏன்?"

"எங்க நாத்தனார அங்கதான் குடுத்திருக்கு. மேலத்தெரு. நீ அந்தத் தெருவோ, அவுங்க சொந்தமோன்னு பயந்து செத்தேன். நான் அந்த ரூம்புல ஒரு வார்த்த சொன்னா, நீ உங்கம்மாளுக்கு ஒரு காயிதம் போட்டா, பத்தே நாள்ல எம் மாமியா காதுக்குப் போயிடும். அங்கேருந்து எம் புள்ள காதுக்கு."

"இப்ப மட்டும் போகாதா?"

"எப்படிப் போவும்? அவுங்க உங்க தெருவுக்குள்ள வர மாட்டாங்க. உங்க சனம் அவுங்க வாசப்படி ஏறாது. நீ சொல்லணும்னாலும் அங்க கேக்க ஆளு ஏது?"

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போல் சொன்னார். குத்த வேண்டும் என்ற எண்ணம் துளியும் இல்லை. எனக்குத்தான் காது மடல் சுட்டது. ஊரில் எங்களை வெளியே நிறுத்திய சுவர், இங்கே இந்தப் பெண்ணுக்குச் சாய்ந்துகொள்ள உதவுகிறது. 'நீங்க' போய் 'நீ' வந்திருந்ததையும் கவனித்தேன். அது நெருக்கத்தில் வந்ததா, தெருவைக் கேட்டதால் வந்ததா என்று யோசித்தேன். எழுந்து போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். முன்னறையில் குழந்தை வீறிட்டது. இருந்தேன்.

அவர் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார்.

"எல்லாருகிட்டயும் மாமியாதான் வளர்மதிய வுடலன்னும், மாமியாகிட்ட அவருதான் ஒடனே வரச் சொன்னாருன்னும் சொல்லியிருக்கேன். பொய். புள்ளைக்குப் பேப்பரு வரல. பொறந்தப்ப எழுதுனதுல பேரே இல்ல, வெறும் பெண் குழந்தைன்னு இருக்கு. அது எந்தப் புள்ளன்னு கேக்குறானுங்க. பேப்பரு வர்ற வரைக்கும் நீ ஊருலயே இருன்னாரு அவரு. நான்தான் கேக்கல. எனக்கு அந்த வூட்டுலேருந்து கெளம்புனாப் போதும்னு இருந்துச்சு. பிளேன்ல ஏறணும்னு ஆசையா இருந்துச்சு. மூணு வயசுப் புள்ள தூங்கிட்டிருந்தப்ப வந்துட்டேன். எந்திரிச்சுக் கேட்டா முட்டாய் வாங்கப் போயிருக்குன்னு சொல்லச் சொன்னேன்."

கத்தி பலகையில் ஒரே இடத்தில் தட்டிக்கொண்டிருந்தது.

"நாலு வருசமாச்சு. இப்ப அப்பத்தாவத்தான் அம்மாங்குதாம். இந்தப் புள்ளையத் தூக்கப் போனா அது மூஞ்சி முன்னால வந்து நிக்குது. இதுக்குப் பால் குடுத்தா அதுக்கு என்ன பதில் சொல்லுவேன்? நான் வுட்டுட்டு வந்தவன்னு அந்தப் புள்ளைக்குத் தெரியக் கூடாது. அதுக்குத்தான் வாயக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன்."

வெங்காயம்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ள இருவருக்கும் வசதியாக இருந்தது.

7

மறுநாள் காலை ஹெலன் அறைக்குப் போய், பன்னிரண்டு வாரமாக நான் செய்ததைச் சொன்னேன். முறுக்கிலிருந்து ஆரம்பித்தேன். வேலை போகும் என்று பயந்தேன். பெருமைக்காரிக்கு மன்னிப்புக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

ஹெலன் தன் குறிப்பேட்டை மூடி வைத்தார். பிறகு, "உனக்கு அவள் மொழி தெரியுமா என்று மட்டும் கேட்டேன். அவளுக்கு நீ யாராகத் தெரிவாய் என்று நான் யோசிக்கவே இல்லை" என்றார். வியாழக்கிழமைக் கூட்டத்தில் அவர் எழுந்து, இதுவரை நடந்தது சிகிச்சையே அல்ல, தவறு நோயாளியுடையது அல்ல, இன்னும் பன்னிரண்டு வாரம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்.

இந்த முறை ஹெலன் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்து ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். முதல் வாரமே தனக்கொடி சொன்னார். "எனக்கு இந்தப் புள்ளையப் புடிக்கல."

என் நாக்கு வழக்கம்போல அதற்கு இஸ்திரிப் பெட்டியைத் தேடியது. ஒரு மூச்சு விட்டுவிட்டு அப்படியே சொன்னேன். "எனக்கு இந்தக் குழந்தையைப் பிடிக்கவில்லை." இங்கிலீஷில் அது ஐந்தே வார்த்தை. ஹெலன் அதிர்ச்சியடையவில்லை. மெதுவாக, "எப்போதிலிருந்து?" என்றார். அந்தக் கேள்வியில்தான் வைத்தியம் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. ஐந்தாவது வாரம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், பிடிக்காத சாமானைப் பிடித்திருப்பது போல. எட்டாவது வாரம் அது துப்பியதைத் தன் முந்தானையால் துடைத்தார். ஒன்பதாவது வாரம், யார் சொல்லியும் அல்ல, வளர்மதிக்கு ஒரு ஏர் மெயில் எழுதினார். முட்டாய் வாங்கப் போகவில்லை, உன்னை விட்டுவிட்டு வந்தேன் என்று. பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. கோணல்மாணலான எழுத்தில் இரண்டே வரி. 'தெரியும். அப்பத்தா சொல்லுச்சு. பாப்பா பேர் என்ன?'

மாமியாருக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரிந்திருந்தது. பழியைத் தன் தலையில் போட்டது உள்பட. தனக்கொடி அந்தக் கடிதத்தை எங்கள் முன்னால் படித்துவிட்டு, "கெழவி கெட்டிக்காரி" என்றார். இதையும் அப்படியே மொழிபெயர்த்தேன். வளர்மதியின் பேப்பர்கள் இன்னும் டில்லிக்கும் லண்டனுக்கும் நடுவில் எங்கோ இருக்கின்றன. பாரங்களை இப்போது நான்தான் நிரப்பித் தருகிறேன்.

குழந்தையைக் கொண்டுபோக வேண்டியதில்லை என்று அதிகாரிகளின் கடிதம் வந்த அன்று, அதைக் கொடுக்க நானே போனேன். அதே மரியாதையான வார்த்தைகள். தனக்கொடி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் வரை வந்தார்.

"டீ போடறேன், இதப் புடி. சித்திகிட்ட போடி கண்ணு."

நான் கை நீட்டவில்லை. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, பெரம்பலூர்ல இருந்தாலும் என்னைச் சித்தின்னு சொல்லுவீங்களா?"

அவர் குழந்தையை இடுப்பில் ஏற்றிப் பிடித்தார். நல்ல வார்த்தை ஒன்றைத் தேடுகிறாரோ என்று பார்த்தேன். தேடவில்லை.

"சொல்ல மாட்டேன்டி. அங்க எனக்கு அவ்வளவு தைரியம் கெடையாது."

"இங்க?"

"இங்க சொல்லிட்டேன்ல? அங்க போனா என்ன பண்ணுவேன்னு அங்க போயித்தான் பாக்கணும். புடிடி, இடுப்பு நோவுது."

கை நீட்டி வாங்கினேன். நல்ல கனம்.